புத்த தாதுப் பேழைகள்: உள்ளே என்ன இருக்கிறது, வெளியே என்ன நடக்கிறது

2025 மே மாதம் ஹாங்காங்கில் நடக்கவிருந்த ஓர் ஏலத்தைப் பற்றிய செய்தி பரவலாக அடிபட்டது. உத்தரப் பிரதேசத்தில் நேபாள எல்லையோரம் இருக்கிற பிப்ரவா என்ற ஊரில், 1898இல் ஒரு தூபியைத் தோண்டியபோது, புத்தருடையவை என்று கருதப்படும் எலும்புகளோடு கிடைத்த மணிகளையும் பொன் தகடுகளையும் சோத்பீஸ் நிறுவனம் விற்பனைக்கு வைத்தது. இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்ததும் ஏலம் தள்ளிப்போனது. ஜூலை இறுதியில் அவை இந்தியாவுக்கே திரும்பி வந்தன.

அந்த நாட்களில் நடந்த பேச்சில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாவற்றையும் துறந்தவருக்கு ஏது நகை? அது வெறும் அஸ்திக் கலசம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கொந்தளிப்பு? எலும்பைக் கும்பிடுவது புத்தர் சொன்னதற்கே முரண் இல்லையா? மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் பேழை என்பது ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கிற பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பதில் பிடிபடாது.

முதலில் மூன்று சொற்கள்

தாது: புத்தரிடமிருந்தோ அவருடைய பெரிய சீடர்களிடமிருந்தோ எஞ்சியது. எலும்பு, பல், சாம்பல், முடி எல்லாம் இதில் அடங்கும். பேழை: தாதுவை வைக்கும் கலம். தூபி: பேழையை உள்ளே வைத்து மேலே எழுப்பும் மேடு. இலங்கைத் தமிழில் இதைத் தாதுகோபம் என்பார்கள். கட்டுரை முழுக்க இந்த மூன்றுதான் வரும்.

தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம்

மந்திராலயத்தில் ராகவேந்திரரின் பிருந்தாவனத்துக்குப் போகிறவர்கள் உள்ளே இருக்கும் அவருடைய உடலைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்பதும் இல்லை. கல் மேடையைச் சுற்றி வருகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், மனதில் இருப்பதைச் சொல்கிறார்கள். 'சுவாமியைப் பார்க்கப் போனேன்' என்றுதான் ஊருக்கு வந்து சொல்வார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மிருத்திகா பிருந்தாவனங்கள் இருக்கின்றன. மந்திராலயத்திலிருந்து கொண்டுவந்த மண்ணை உள்ளே வைத்து எழுப்பியவை அவை. அங்கே போகிறவர்களும் ராகவேந்திரரிடம்தான் போகிறார்கள்.

பௌத்தத் தாது வழிபாட்டின் அடிப்படை இதிலேயே இருக்கிறது. மகான் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, அவருடையது ஏதோ ஒன்று அங்கே இருந்தால் போதும். அந்த ஒன்றைப் பிரிக்கலாம், வேறு ஊருக்கும் கொண்டு போகலாம். இந்த ஒப்பீடு இதோடு நிற்கட்டும். ஏனென்றால் ஜீவசமாதியில் மகான் உள்ளே உயிர்ப்போடு இருந்து அருள்கிறார் என்பது நம்பிக்கை. பௌத்தக் கொள்கைப்படி புத்தர் நிர்வாணம், அதாவது மறுபிறப்பற்ற முழு விடுதலை அடைந்துவிட்டார், வரம் கொடுக்க அவர் எங்கும் காத்திருக்கவில்லை. பிறகு எதற்கு வழிபாடு? அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

எட்டுப் பங்கும் ஒரு கலமும்

புத்தர் குசிநகரத்தில் மறைந்தபோது நடந்ததை மகாபரிநிப்பான சுத்தம் என்ற பாலி நூல் விரிவாகச் சொல்கிறது. உடலை என்ன செய்வது என்று அவருடைய சீடர் ஆனந்தர் முன்கூட்டியே கேட்கிறார். அதில் துறவிகள் நேரம் செலவிட வேண்டாம், நம்பிக்கையுள்ள இல்லறத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்பது புத்தரின் பதில். அதோடு விடாமல், எரியூட்டிய பிறகு நாற்சந்தியில் தூபி எழுப்பலாம் என்றும், அங்கே மாலையும் நறுமணமும் வைத்து மனம் தெளிகிறவர்களுக்கு அது நெடுங்காலம் நன்மை தரும் என்றும் சொல்கிறார். ஆகவே தாது வழிபாடு பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த மூடநம்பிக்கை என்ற பேச்சு அந்த மரபின் பழைய நூலோடே பொருந்தவில்லை.

சிதை அணைந்ததும் சண்டை மூண்டது. மகத அரசன் அஜாதசத்ரு, வைசாலி லிச்சவியர், புத்தரின் குலத்தாரான கபிலவஸ்து சாக்கியர், குசிநகர மல்லர் என்று எட்டுத் தரப்பினர் எலும்பு கேட்டு நின்றார்கள். படைகளும் வந்துவிட்டன. பொறுமையைப் போதித்தவரின் எலும்புக்காக ரத்தம் சிந்துவது சரியல்ல என்று துரோணர் என்ற பிராமணர் எடுத்துச் சொல்லி, எட்டுச் சம பங்காகப் பிரித்துக் கொடுத்தார். பிரித்து முடித்ததும் தனக்கென்று அவர் கேட்டது, அளந்த அந்தக் கலத்தை மட்டும். தாமதமாக வந்த பிப்பலிவன மோரியர்களுக்கு எலும்பு மிஞ்சவில்லை. சிதையில் கிடந்த கரியை அள்ளிக்கொண்டு போனார்கள்.

எழுந்த தூபிகள் மொத்தம் பத்து. எட்டில் எலும்பு, ஒன்றில் கலம், ஒன்றில் கரி. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது கடைசி இரண்டும்தான். எலும்பைத் தொட்ட கலமும் உடலை எரித்த கரியும் தூபி எழுப்பத் தகுதியானவை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாதுவைத் தொட்டதும் தாதுவாகிவிடுகிறது.

பிறகு அசோகர் இவற்றில் ஏழைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பிரித்து 84,000 தூபிகள் எழுப்பினார் என்பது மரபுக் கதை. எட்டாவதான ராமகிராமத்துப் பங்கை நாகர்கள் காத்ததால் அதை அவர் எடுக்க முடியவில்லை. அந்தப் பங்குதான் பிற்பாடு இலங்கையின் அனுராதபுரத்தில் மன்னர் துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாயா தூபிக்குள் போனது என்கிறது, அந்நாட்டுப் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே உடல் ஒரு பெரிய நிலப்பரப்பு முழுக்கப் பரவ முடியும் என்ற எண்ணத்தை அது காட்டுகிறது.

இதுவரை பார்த்தது: புத்தர் மறைந்ததும் அவர் உடல் பகிரப்பட்டது. பகிர்ந்த ஒவ்வொரு துளியும் முழு மதிப்போடு வணங்கப்பட்டது. தாதுவோடு ஒட்டியிருந்த பொருளுக்கும் அந்த மதிப்பு வந்து சேர்ந்தது.

பிப்ரவாவில் உண்மையில் கிடைத்தது

1898இல் அங்கே தோண்டியவர் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்ற ஆங்கிலேயர். தூபி இருந்த பண்ணை அவர் பொறுப்பில் இருந்தது. செங்கல் கட்டுமானத்தின் அடியில், ஒற்றைக் கல்லைக் குடைந்து செய்த பெரிய மணற்கல் பெட்டி இருந்தது. அதற்குள் ஐந்து சிறு கலங்கள். ஒன்று படிகம், மூடியின் பிடி மீன் வடிவம், மீனின் வயிற்றுக்குள் பொன் தகட்டுத் துணுக்குகள். மற்றவை மாக்கல், அதாவது நம் ஊரில் கல்சட்டி செய்யும் அதே வகைக் கல். கடைசல் பிடிக்க வாகான கல் என்பதால், பழைய இந்தியப் பேழைகளில் மிகப் பல மாக்கல்லில் செய்தவை.

உள்ளே எலும்புத் துண்டுகளும் சாம்பலும் இருந்தன. அவற்றோடு கலந்து முத்து, பவளம், செவ்வந்திக்கல், பொன்னில் வெட்டிய பூக்கள். யாரும் அணிந்த நகைகள் அல்ல இவை. தாதுவைப் பேழையில் வைத்த நாளில் வந்தவர்கள் போட்ட காணிக்கை. எலும்போடு எலும்பாகக் கிடந்ததால், துரோணரின் கலத்தைப் போல இவையும் தாதுவாகிவிட்டன. ஏலத்தைக் கேட்டுப் பௌத்தர்கள் பதறியது இதனால்தான். அவர்கள் கண்ணுக்கு அது நகை விற்பனையாகத் தெரியவில்லை, புத்தரின் ஒரு பகுதிக்கு விலை போடுவதாகத் தெரிந்தது. அவர்கள் பதறியது சரி என்பதே என் எண்ணம்.

ஒரு கலத்தின் மூடியில் பிராமி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. புத்த பகவானின் உடல் எச்சத்தை வைத்த இடம் இது என்றும், சாக்கியரான சகோதரர்கள் தங்கள் சகோதரிகள், பிள்ளைகள், மனைவியரோடு வைத்தது என்றும் பொதுவாக வாசிக்கப்படுகிறது. ஆந்திராவின் பட்டிப்ரோலுவில் 1892இல் அலெக்சாண்டர் ரே கண்டெடுத்த பேழைகளிலும் இதே போன்ற குடும்பக் குரல் கேட்கிறது. குரனின் தந்தை, குரனின் தாய், குரன், சிவன் ஆகியோர் புத்தரின் தாதுவை வைக்கப் பேழையும் படிகச் செப்பும் கொடுத்ததாக அதில் பொறித்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து அது. மண்ணுக்குள் புதையப்போகிற, இனி யாரும் படிக்கவே போவதில்லை என்று தெரிந்த ஒரு மூடியில் தங்கள் பெயரை ஏன் வெட்டினார்கள்? புத்தருக்குப் பக்கத்தில் தங்கள் பெயர் என்றென்றும் இருக்கும் என்பதால் என்று நினைக்கிறேன்.

பிப்ரவா எலும்புகளை அன்றைய பிரிட்டிஷ் அரசு சயாம் மன்னர் சூலாலங்கோர்னுக்கு அளித்தது. அவர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாங்காக்கில் பொன்மலை என்று அழைக்கப்படும் வாட் சகேத்தில் வைத்தார். மணிகளில் பெரும்பகுதி கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனது. பெப்பே குடும்பத்தார் கையில் எஞ்சியவைதான் ஏலத்துக்கு வந்தன.

பெட்டிக்குள் பெட்டி எதற்கு?

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ஃபாமென் கோயில் இருக்கிறது. தாங் வம்சத்துப் பேரரசர்கள் அங்கிருந்த புத்தரின் விரல் எலும்பைத் தலைநகருக்கு எழுந்தருளச் செய்து வணங்கினார்கள். 819இல் அப்படி ஒரு ஊர்வலம் நடந்தபோது, அழுகிய எலும்பை அரண்மனைக்குள் விடலாமா என்று ஹான் யூ என்ற அறிஞர் பேரரசருக்குக் கடுமையாக எழுதினார். உயிர் தப்பியதே பெரிது, தெற்கே வெகுதூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி ஊர்வலம் 873இல். அடுத்த ஆண்டு எலும்பைக் கோயிலுக்குத் திருப்பி அனுப்பி, நிலவறையை மூடினார்கள்.

அப்புறம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அது மூடியே கிடந்தது. 1981இல் மழையில் கோபுரத்தின் பாதி சரிந்தது. மீண்டும் கட்டுவதற்காக 1987இல் அடித்தளத்தைத் தோண்டியபோது நிலவறை அகப்பட்டது. உள்ளே என்னென்ன பொருள்கள் வைத்தோம் என்ற பட்டியலையும் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுப் பேழைகள் அங்கே இருந்தன. வெளியே இருந்த சந்தனமரப் பேழை மக்கிப்போயிருந்தது. உள்ளே வெள்ளி, பொன் என்று அடுக்கடுக்காகப் போய், கடைசியில் ஒரு சிறிய பொன் தூபி, அதில் ஒரு விரல் எலும்பு. ஆனால் உண்மையானது என்று மதிக்கப்படும் எலும்பு அதில் இல்லை. அறையின் தரைக்கு அடியில் ஓர் ரகசியக் குழியில், துருப்பிடித்த இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. கிடைத்த நான்கு எலும்புகளில் மூன்றை நிழல் எலும்புகள் என்கிறார்கள், உண்மையானதைக் காப்பாற்றச் செய்து வைத்தவை. 845இல் பேரரசர் வூசோங் பௌத்தத்தை ஒடுக்கிய காலத்தை நினைத்தால் இந்த முன்னெச்சரிக்கை புரியும்.

அடுக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பாதுகாப்பு ஒரு பதில். இன்னொன்று மரியாதை. எலும்புத் துணுக்கு பார்ப்பதற்குச் சாதாரணமானது, பலருடைய எலும்பும் அப்படித்தான் இருக்கும். அது யாருடையது என்று நமக்குச் சொல்வது அதைச் சுற்றியிருக்கிற பொன்னும் கல்லும் எழுத்தும் தூபியும்தான். அரசரை நெருங்க எத்தனை வாசல் கடக்க வேண்டுமோ அத்தனை அடுக்கு. ஆக, பேழை என்பது உள்ளே இருப்பவர் யார் என்ற அறிவிப்பும்கூட.

இன்னொரு விஷயம், பொதுவாகத் தவறாகப் புரிந்துகொள்வது: தாதுவைப் பார்ப்பது வழிபாட்டுக்குத் தேவையில்லை. பழைய தூபிகளில் பேழையை வைத்து மூடிய பிறகு, கட்டியவர்களே மறுபடி பார்க்கவில்லை. சுற்றி வருகிறவர்களுக்குத் தூபியே புத்தரின் உடல்.

எலும்பு இல்லாவிட்டால்?

இலங்கையில் எந்தப் பௌத்த விகாரைக்குள் நுழைந்தாலும் மூன்று இருக்கும்: ஒரு தாதுகோபம், ஒரு போதி மரம், புத்தர் சிலை உள்ள ஒரு மண்டபம். தாது வகை மூன்று என்பதன் கண்கூடான வடிவம் இது. உடலின் எச்சம் முதல் வகை. அவர் பயன்படுத்தியவை, அதாவது அவர் உட்கார்ந்த மரம், உண்ட பாத்திரம், அமர்ந்த இருக்கை எல்லாம் இரண்டாவது. அவரை நினைவூட்டும் உருவம் மூன்றாவது. அங்கே குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்லும் 'வந்தாமி சேதியம்' என்ற பாலிப் பாடல் இந்த மூன்றையும் பெயர் சொல்லியே வணங்குகிறது.

நமக்கு இரண்டாவது வகை ஏற்கெனவே அறிமுகம்தான். மணிமேகலை மணிபல்லவத் தீவில் வணங்கும் புத்த பீடிகை அதுவே. அந்த இருக்கைக்காக இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டார்கள், புத்தர் வந்து தீர்த்துவைத்தார், அதை வணங்கிய மணிமேகலைக்குத் தன் முற்பிறப்புத் தெரிந்தது. அங்கே எலும்பு எதுவும் இல்லை. இருக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பவர்களும் உண்டு: போதனை. தம்மத்தைப் பார்ப்பவர் என்னைப் பார்க்கிறார் என்று புத்தர் சொன்னதாக நூல்கள் குறிக்கின்றன. அதனால் எல்லாமே காரணத்திலிருந்து பிறக்கின்றன என்று தொடங்கும் ஒரு சிறு சுலோகத்தைக் களிமண்ணில் அச்சிட்டுச் சின்னச் சின்னத் தூபிகளுக்குள் வைத்தார்கள். நாளந்தாவில் இப்படிப்பட்ட முத்திரைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எலும்பு எல்லோருக்கும் கிடைக்காது, ஒரு பிடி களிமண் யாருக்கும் கிடைக்கும்.

வணங்குகிறவர் என்ன செய்கிறார்?

தூபியை வலமாகச் சுற்றுவார், விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றுவார், பூ வைப்பார். பூ வைக்கும்போது சொல்லும் பாலி வரிகளின் பொருள் இது: இந்தப் பூ வாடுவதைப் போலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது. எலும்பு இருக்கும் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று இதைச் சொல்வதை யோசித்துப் பாருங்கள். புத்தரின் உடலே எரிந்து துண்டாகிப்போனது. நிலையாமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் வேறு இல்லை.

சரி, ஏற்றுக்கொள்ள ஆளே இல்லாத இடத்தில் காணிக்கை வைப்பதில் என்ன பயன்? கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னர் இதையே நாகசேனர் என்ற துறவியிடம் கேட்டதாக ஒரு பழைய நூல் சொல்கிறது. புத்தர் ஏற்றுக்கொள்வதில்லை, ஆனாலும் கொடுப்பவருக்குப் பலன் உண்டு என்பது நாகசேனரின் பதில். அந்தப் பலனுக்குப் புண்ணியம் என்று பெயர். நல்ல எண்ணத்தோடு செய்த செயல் செய்தவரிடமே விளைவிக்கும் நன்மை அது. யாரும் மேலிருந்து தருவதில்லை. தாது, அந்த எண்ணம் எழுவதற்கான இடம்.

கொள்கை இப்படி. நடைமுறை இதைவிடச் செழுமையானது. கண்டி தலதா மாளிகையில் புத்தரின் புனிதப் பல் ஏழு பேழைகளுக்குள் இருக்கிறது. அதற்கு நாளுக்கு மூன்று வேளை பூசை, மேளம், உணவுப் படையல். புதன்கிழமைகளில் மூலிகை நீரால் நீராட்டும் சடங்கும் உண்டு. அந்த நீரை நோய் தீர்க்கும் என்று மக்கள் வாங்கிப் போகிறார்கள். உயிருள்ள ஓர் அரசருக்குச் செய்யும் உபசாரம் முழுவதும் அங்கே நடக்கிறது. ஆடி, ஆவணி வாக்கில் வரும் எசல பெரஹராவில் தந்தமுள்ள யானை சுமந்து போவது பேழையைத்தான், பல் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. வீதியில் நிற்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் பேழை போதும்.

புத்தர் இல்லை என்பதும் புத்தர் இங்கே இருக்கிறார் என்பதும் ஒரே மனதில் சேர்ந்து இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரண்பாடாகத் தெரிவது, வணங்குகிறவருக்குத் தடையாக இல்லை. பேழையின் வேலையே இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்குவதுதான் என்று எனக்குப் படுகிறது.

சுருக்கமாக: தாது உடலாகவோ பொருளாகவோ உருவமாகவோ சொல்லாகவோ இருக்கலாம். பலன் வணங்குகிறவரின் எண்ணத்தில் விளைகிறது. ஆனால் வழிபாடு, உயிருள்ள ஒருவருக்குச் செய்வதைப் போலவே நடக்கிறது.

அது உண்மையான பல்தானா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. 4ஆம் நூற்றாண்டில் கலிங்க இளவரசி ஹேமமாலா கூந்தலுக்குள் ஒளித்து, கணவர் தந்தகுமாரனோடு அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. 1560இல் யாழ்ப்பாண அரசைத் தாக்கிய போர்த்துக்கீசர் அங்கே ஒரு பல்லைக் கைப்பற்றினார்கள். பர்மாவின் பெகு மன்னர் பெருந்தொகை கொடுத்து மீட்க முன்வந்தும், கோவாவில் அதை உரலில் இடித்து எரித்துவிட்டார்கள். ஆனால் உண்மையான பல் அப்போது இரத்தினபுரிப் பக்கம் தெல்கமுவ விகாரையில், குரக்கன் அரைக்கும் திரிகைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று சிங்கள மரபு சொல்கிறது. சில ஆண்டுகளில் இலங்கையின் கோட்டே அரசை ஆண்டவர் பெகு மன்னருக்கு ஒரு பல்லை அனுப்பினார். தன்னிடம் இருப்பதே நிஜம் என்று கண்டி அரசரும் சொன்னார்.

பரிசோதனைக் கூடத்தில் இதைத் தீர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சம்பவங்களில் எதுவும் வழிபாட்டைக் குறைக்கவில்லை. நூற்றாண்டுகளாக வணங்கியவர்களின் கண்ணீரும் காணிக்கையும் காவலும் அந்தப் பொருளின் மேல் படிந்திருக்கின்றன. கரியும் கலமும் தாதுவான மரபு இது.

காவல் என்றதும் நமக்கு நேரடியாகச் சொந்தமான ஒரு சான்று நினைவுக்கு வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் பல் தாது பொலன்னறுவையில் இருந்தபோது, வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் அந்தக் கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றார்கள். உயிர் போனாலும் காப்போம் என்ற அந்த உறுதியைக் கல்லில் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'மூன்று கைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி'. கல் இன்றும் அங்கேதான் நிற்கிறது. இன்றைய இனப் பேச்சுகளுக்கு நடுவே இதைச் சொல்வோர் குறைவு. பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய கல்வெட்டு.

எலும்பு வேறு, பேழை வேறா?

சாஞ்சியிலும் அதன் அருகே சத்தாராவிலும் 1851இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளான கன்னிங்காமும் மெய்சியும் தூபிகளைத் திறந்தார்கள். புத்தரின் தலைசிறந்த சீடர்களான சாரிபுத்தர், மொகல்லானர் இருவரின் பெயர் பொறித்த பேழைகள் கிடைத்தன. அவற்றில் சில லண்டன் போய், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகக் காட்சிக்கு இருந்தன. பௌத்தர்கள் திருப்பிக் கேட்டபோது, எலும்பைத் தந்துவிட்டுப் பழைய பேழைகளை அருங்காட்சியகமே வைத்துக்கொண்டு அவற்றின் நகலைக் கொடுக்கும் யோசனை வந்தது. பௌத்தர்கள் அதை ஏற்கவில்லை. எலும்பு எந்தக் கல்லுக்குள் இரண்டாயிரம் ஆண்டு இருந்ததோ அந்தக் கல்லும் வேண்டும் என்றார்கள். கடைசியில் இரண்டும் சேர்ந்தே திரும்பின. 1952இல் சாஞ்சியில் சேத்தியகிரி விகாரையில் வைக்கப்பட்டன. ஆண்டுதோறும் நவம்பர் கடைசி ஞாயிறன்று அவற்றை வெளியே எடுத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். இலங்கையிலிருந்தும் பலர் அன்று வருகிறார்கள்.